முப்பத்தெட்டு மார்க்கில் பாஸானவர்

மனிதர்களில் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கால் முட்டி வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வருவார். என்ன ஆச்சு என்று கேட்டால், “சும்மா லேசா ஒரு உரசல்” என்பார். காய்ச்சலில் உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். “வெயில்ல வந்தேன், அதான்” என்பார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட, “இதெல்லாம் எதுக்கு, பஸ்ஸுலயே போயிருக்கலாமே” என்று டிரைவரிடம் வருத்தம் தெரிவிப்பார். இந்த இனத்துக்கு வியாதி வராது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் வரும். வந்ததை ஒப்புக்கொள்வதுதான் வராது.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவன். எந்தப் புத்தகம் எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று பிரித்து எண் போடுவது என் தொழில். அந்தப் பழக்கத்தில் மனிதர்களையும் பிரித்துப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில், மேற்சொன்ன இனத்தின் முதல் தரமான மாதிரி என் தலைக்கு மேலேயே குடியிருக்கிறார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் இரண்டாம் மாடி. அவர் மூன்றாம் மாடி. எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

அவருக்குப் பட்டப்பெயர் இஞ்சின். சமையலறை மேடைகளுக்கான கல் பலகைகளை அறுத்து மெருகேற்றும் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவர். ஓய்வே எடுக்காமல் ஓடுகிறார் என்பதற்காக வாலிபத்தில் வைத்த பெயர் அது. இப்போது அவர் படியேறும்போது நெஞ்சுக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்கிறவர்கள், இதற்காகத்தான் வைத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்லை அறுக்கும்போது மாவு மாதிரி வெள்ளைத் தூசி பறக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளையாக, வயதான வேஷம் கட்டிய நடிகர் மாதிரி இருப்பாராம். முகத்தைக் கழுவினால் வெளியில் இருந்தது போய்விடும். உள்ளே போனது முப்பத்தொரு வருஷமாக அங்கேயே தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எவ்வளவு ஊத வேண்டுமோ, அதில் நூற்றுக்கு முப்பத்தெட்டு பங்குதான் வந்தது. டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதைச் சொன்னார். நம் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? “முப்பத்தெட்டா? பள்ளிக்கூடத்துல நான் எடுத்ததைவிட அதிகம் டாக்டர். பாஸ்தானே?”

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இனிமேல் பட்டறைப் பக்கமே போகக் கூடாது, நுரையீரல் இறுகிப் போயிருக்கிறது, இது திரும்பச் சரியாகிற வியாதி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டறையிலும் அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு அவர் மூச்சிரைப்பை மறைக்கக் கண்டுபிடித்த வழிகளை ஒரு புத்தகமாகவே போடலாம். தெருவில் நாற்பது அடிக்கு ஒரு தரம் நிற்க வேண்டும். சும்மா நின்றால் பார்க்கிறவர்கள் கேட்பார்களே? அதனால் கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் தெருவில் முதல் நாற்பது அடியில் வருவது பெண்கள் உள்ளாடைக் கடை. அவருடைய நற்பெயருக்கு அதனால் வந்த சேதம் கொஞ்சமல்ல. ஆனாலும் மனிதர் அசரவில்லை. ‘பொம்பளைங்க கடையை வெறிச்சுப் பாக்குறவன்’ என்ற பெயர்கூடப் பரவாயில்லை, ‘நடக்க முடியாதவன்’ என்ற பெயர் மட்டும் வேண்டாம். அடுத்த நிறுத்தத்தில் செருப்பு வாரைச் சரிசெய்வார். அதற்கடுத்ததில் செல்போனை எடுத்து, வராத செய்தியைப் படிப்பார். படிக்கட்டில் என்னைப் பார்த்துவிட்டால் அவருக்குப் பெரிய நிம்மதி. நாட்டு நடப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுவார். நான் விடை சொல்லி முடிப்பதற்குள் மூன்று நிமிஷம் ஆகும். நான் பெரிய சிந்தனையாளன், அதனால்தான் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று பல மாதம் பூரித்துப் போயிருந்தேன். பாவி மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

வியாதியைப் பற்றி யாரிடமும் அவர் மூச்சு விட மாட்டார். விடுவதற்கு மூச்சும் இல்லை என்பது வேறு விஷயம்.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். துணிக்கடை ஒன்றில் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் வேலை. மாலையில் வீட்டிலும் மெஷின் ஓடும். குடும்பம் இப்போது அந்த மெஷின் காலில்தான் நடக்கிறது. நாள்பட்ட வியாதியால் வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது என்று கடையில் யாரோ சொல்ல, அண்ணி போய் விண்ணப்பத்தை வாங்கி வந்துவிட்டார். இருபத்தாறு பக்கம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற பாவத்துக்கு, எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

“ஒன்பதாவது கேள்வி. நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?” என்று படித்தேன்.

“எவ்வளவு தூரம் வேணுமோ அவ்வளவு தூரம்னு போடு தம்பி.”

“அண்ணே, மீட்டர்ல கேக்கறாங்க.”

“சரி, ஒரு கிலோமீட்டர்னு போடு. ரெண்டு போட்டா அலட்டற மாதிரி இருக்கும்.”

தானாகக் குளிக்க முடியுமா என்றதற்கு, இது என்ன மரியாதை கெட்ட கேள்வி என்று கோபித்துக்கொண்டார். சட்டை போட யாராவது உதவுகிறார்களா என்றதற்கு, கல்யாணத்தன்றே நானேதான் போட்டுக்கொண்டேன் என்றார். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். அவர் எழுதாதே என்று கண்ணைக் காட்டினார். நான் என்ன செய்வேன்? விண்ணப்பம் அவருடையது. கையெழுத்துப் போடப் போகிறவரும் அவர். இருபத்தாறு பக்கத்திலும் ‘முடியும், முடியும்’ என்று அழகாக, கோடு பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். வேலை செய்ய முடியாது என்று சொல்லி உதவி கேட்கும் விண்ணப்பம், ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்பும் சிபாரிசுக் கடிதம் மாதிரி ஆகிவிட்டது.

நேரில் பரிசோதனைக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. அன்று அண்ணிக்குக் கடையில் விடுப்புக் கிடைக்கவில்லை. என்னை அனுப்பினார்; போகும்போது தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, அவர் வாயைத் திறந்தா காரியம் கெட்டுடும். நீங்க பேசுங்க” என்று சொல்லி, மூச்சு மருந்தை என் சட்டைப்பையில் வைத்தார்.

நம் ஆள் எப்படிக் கிளம்பினார் என்கிறீர்கள்? தலைக்குச் சாயம். மடிப்புக் கலையாத சட்டை. கன்னத்தில் பவுடர். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகூட இவ்வளவு மெனக்கெட மாட்டான். இவ்வளவு எதற்கு என்றேன். “நாலு பேர் வர்ற எடம். நோஞ்சான் மாதிரியா போறது?” என்றார்.

அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்தது. அதன் முன்னால் சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் வரிசையாகக் காத்திருந்தன. நம் ஆள் அதைப் பார்த்தார். “பாவம், வியாதிக்காரங்க நிக்கறாங்க. அவங்க எடத்தை நாம எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் படியைப் பார்த்து நடந்தார். நேரம் நிறைய இருந்தது. ஒரு மாடிக்குக் கால் மணி நேரம். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை எழுத்து விடாமல் படித்தார். தீ விபத்து நேர்ந்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பது இன்று அந்தக் கட்டடத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மேலே போய்ச் சேர்ந்ததும் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து, முகத்தில் புதுப் பவுடரோடு வெளியே வந்து, பெயர் கூப்பிட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். கூட யாரும் வரத் தேவையில்லை என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ள அண்ணி அனுப்பிய ஆள் நான். எனக்குக் கதவே திறக்கவில்லை.

உள்ளே நடந்தது அவர் வாயாலேயே கேட்டதுதான். பரிசோதனை அதிகாரி இளம்பெண்ணாம். ரொம்ப மரியாதையாம். எப்படி இருக்கீங்க சார் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை இந்த இனத்திடம் கேட்கலாமா? நல்லாத்தான் இருக்கேன், படியேறித்தான் வந்தேன் என்று சொல்லி, அந்தப் பெண்ணின் நாற்காலி ஆடுகிறதைக் கவனித்து, குனிந்து அதன் காலுக்கடியில் காகிதம் மடித்துச் செருகியும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ‘விண்ணப்பதாரர் மூன்று மாடி படியேறி வந்தார். முழு வாக்கியங்களாகப் பேசினார். குனிந்து நிமிர்வதில் சிரமம் தென்படவில்லை. வேலை செய்யத் தகுதியுள்ளவர்.’ அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதியிருக்கிறார்.

வேறு யாராவது இருந்தால் இடிந்து போய் உட்கார்ந்திருப்பார்கள். இவர் அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பால்காரரிடம் காட்டினார், சலூன்காரரிடம் காட்டினார், என்னிடம் இரண்டு தரம் காட்டினார். “பாத்தியா தம்பி. அரசாங்கமே சொல்லிடுச்சு.” அண்ணி அந்த மாதத்திலிருந்து கடைத் துணிகளை இன்னொரு மூட்டை கூடுதலாக வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்.

கடிதத்தை நம்பியவர் அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டார். மேற்பார்வையாளர் அவரோடு சேர்ந்து வேலை கற்றவர். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாராம். “இது ரெண்டுல எது பொய்னு நீயே சொல்லு. வாசல் காவலுக்குக்கூட உன்னை வைக்க மாட்டேன். இங்க வீசற காத்தே உனக்கு எமன்” என்று சொல்லி, ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, வண்டி பிடித்துத் தருகிறேன் என்றாராம். வண்டி எதற்கு என்று நம் ஆள் நடந்து கிளம்பிவிட்டார்.

ஆக, ஒரு அலுவலகத்துக்கு அவர் உடம்பு நன்றாக இருக்கிறவர். இன்னொரு அலுவலகத்துக்கு உடம்பு கெட்டவர். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டார்கள். நடுவில் அவர்.

பத்து நிமிஷத் தூரத்தை அன்று அவர் இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறார். மதியம் நான் சாப்பாட்டுக்கு வந்தபோது, முதல் மாடித் திருப்பத்தில், மின்சார மீட்டர் பெட்டிக்கு எதிரில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலமாகியிருந்தது. சாயம் வேர்வையில் கரைந்து காதோரம் கறுப்பாக ஒழுகியிருந்தது. பதறிப்போய் என்ன அண்ணே என்றேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இழுத்து இழுத்துச் சொன்னார்:

“மீட்டர்... வேகமா... ஓடுது. பாத்துட்டு... இருக்கேன்.”

அவரைத் தாங்கிப் பிடித்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்தத் தோள் அவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் அண்ணி வந்ததும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். நேராக மெஷின் மேஜைக்குப் போய், துணிக்கு அளவு குறிக்கும் நீள நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“மூணு மாசமா எழுதறேன் தம்பி. மேல்முறையீட்டுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. இந்தத் தரம் அவரைக் கேட்டு எழுத வேண்டாம்.”

பிரித்துப் பார்த்தேன். இடது பக்கத்தில் வாடிக்கையாளர் அளவுகள்: இடுப்பு முப்பத்து நான்கு, கை நீளம் இருபத்து மூன்று. வலது பக்கத்தில் அவர். பத்து வருஷம் பழகிய வாடிக்கையாளரை அளப்பது போல, அரை அங்குலம் விடாமல், அவரை அளந்து வைத்திருந்தார்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அண்ணி அவர் முழங்கையைப் பிடித்து லிஃப்டுக்குள் ஏற்றிவிட்டார். வியாதிக்காரர்களின் இடத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், நரைத்த தலையோடு ஓர் அம்மாள். ஒரு பக்கம் டாக்டர். இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டே இருந்த ஒருவர். தலைவர் முதலில் இவரைத்தான் கேட்டார். இவர் வழக்கம்போல, கொஞ்சம் சளி, அது வேனிற்காலம் வந்தால் போய்விடும் என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் அதையும் எழுதிக்கொண்டார். 

அண்ணி எழுந்து, நான் படிக்கலாமா என்று கேட்டார். படிக்கச் சொன்னார்கள். கடையில் அளவை வாசிக்கிற அதே குரலில் படித்தார்.

“திங்கள். கட்டில்லேர்ந்து குளியலறை பன்னெண்டு அடி. நடுவுல ரெண்டு எடத்துல நின்னார். சட்டை ஒரு கை போட்டுட்டு உக்காந்தார். அடுத்த கை போட நாலு நிமிஷம். செவ்வாய். வெளியூர்ல இருக்கற மக போன் பண்ணா. நாலு வார்த்தை பேசினார். வாசல்ல யாரோ வந்திருக்காங்கன்னு சொல்லி என்கிட்ட குடுத்துட்டார். வாசல்ல யாரும் இல்லை.”

நம் ஆள் அதுவரை சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அண்ணியைப் பார்த்தார்.

“புதன். குளியலறைக் குழாயை முழுசாத் திறந்துவிட்டு இருமினார். தினமும் அப்படித்தான், எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. எனக்குக் கேக்கலைன்னு அவர் நெனச்சுக்கட்டும்னு, நான் துணி வைக்காமயே மெஷினை ஓட்டிட்டு இருந்தேன்.”

எழுதுகிறவரின் பேனா நின்றது. அண்ணி பக்கத்தைத் திருப்பி வியாழக்கிழமைக்குப் போனார். போதும் அம்மா என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

“இவங்க படிச்சதெல்லாம் உண்மையா?”

 அந்த அறையில் கேட்டதெல்லாம் அவர் நெஞ்சின் சத்தம்தான். மறைக்க அங்கே குழாயும் இல்லை, கடைக் கண்ணாடியும் இல்லை. முப்பத்தொரு வருஷம் கல்லைத் தூக்கியவர், ஒரு சொல்லைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

“அவ பொய் சொல்ல மாட்டா” என்றார் கடைசியில்.

“அப்ப உங்களால வேலை செய்ய முடியலை. அப்படித்தானே?”

“அதை நான் சொல்லலீங்க. அவ சொல்றது சரின்னு மட்டும் சொல்றேன்.”

தலைவர் அதற்கு மேல் கேட்கவில்லை. டாக்டர் மட்டும் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம். அண்ணி பக்கத்தில். இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு அவர், துணி இல்லாமல் ஓட்டினால் ஊசி கெட்டுப்போகாதா என்று கேட்டார். இரண்டு ஊசி உடைந்தது என்றார் அண்ணி. அதோடு சரி. ஆனால் அன்றிலிருந்து குளியலறையில் இருமல் மட்டும்தான் கேட்கிறது. தண்ணீர்ச் செலவு குறைந்திருக்கிறது.

உதவித்தொகை கிடைத்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் போட்டே கொடுத்தார்கள். அண்ணி கூடுதல் மூட்டையை நிறுத்திவிட்டார். நம் ஆளுக்கு மட்டும் அந்த உத்தரவின் மேல் பெரிய மனக்குறை. ‘கடுமையான பாதிப்பு’ என்று அதில் இருந்தது. என்னிடம் கொண்டுவந்து நீட்டி, “பணம் குடுத்தது சரி. அந்தக் ‘கடுமையான’வை மட்டும் எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுது தம்பி” என்றார். நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ‘நாளை’ எட்டு மாதமாக வந்துகொண்டிருக்கிறது.

இப்போது பட்டறையில் தூசி தின்ற பழைய ஆட்கள் ஒவ்வொருவராக அவரைத் தேடி வருகிறார்கள். நாற்காலியில் சாய்ந்தபடி அவர் கொடுக்கிற உபதேசம் கீழே என் வீடு வரைக்கும் கேட்கும். வெட்கப்படாதே, உள்ளதைச் சொல்லு, படியேறிப் போகாதே, தலைக்குச் சாயம் அடிக்காதே, பொண்டாட்டியைக் கூட்டிப் போ என்று, நிறுத்தி நிறுத்தி, மிரட்டி மிரட்டிச் சொல்லுவார். போன வாரம் ஒருவர், உங்களுக்கு எப்படி அண்ணே இருக்கு, ரொம்ப முடியலையா என்று பாவமாகக் கேட்டுவிட்டார்.

“எனக்கா? எனக்கு என்ன? அவ ஏதோ எழுதிக் குடுத்தா, அவங்க குடுத்துட்டாங்க” என்றார் இவர்.

இந்த இனம் திருந்தாது என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. அடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பு சௌகரியம்தானே? பொறுங்கள், வாயைத் திறக்காதீர்கள். நான் கேட்டது உங்களை அல்ல. அந்தப் பக்கத்து அறையில், உங்கள் காதில் விழும்படி ஏதோ பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாரே, அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்.